தொழுவம் போடுமுன் சர்வே எண்ணைப் பாருங்கள்

திருச்சி கே.கே. நகரை விட்டு ஓலையூர்ப் பக்கம் போனால் வீட்டு மனைகளும் புஞ்சைக் கொல்லைகளும் அடுத்தடுத்துக் கிடப்பதைக் காணலாம். கொல்லையில் நான்கு கறவை மாடு கட்டினால் பெரும்பாலும் தொல்லையில்லை. மனையில் கட்டினால் நோட்டீஸ் வரக்கூடும். கடன் வாங்கி மாடு பிடித்து, கொட்டகையும் போட்டபின் இதை அறிந்து என்ன பயன்?

முதலில், நிலம் எந்த எல்லையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1994-ல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைந்து மாநகராட்சி ஆயிற்று. 2011-ல் திருவெறும்பூர் முதலிய பகுதிகளும் சேர்ந்தன. ஊராட்சியாய் இருந்தபோது கட்டிய தொழுவம், எல்லை நகர்ந்ததும் நகரத் தொழுவமாகிவிடுகிறது. நகர்ப்புறத்தில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-ல் இயற்றிய தமிழ்நாடு சட்டப்படி, அங்கு கால்நடை வளர்க்க உரிமம் பெற வேண்டும். தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைத்து அபராதமும் விதிப்பார்கள்.

அடுத்தது நில உபயோகம். பலர் ஏமாறுவது இங்கேதான். பட்டாவில் புஞ்சை என்றிருந்தால் மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் மாஸ்டர் பிளானில் அந்தச் சர்வே எண் குடியிருப்பு என்று குறித்திருந்தால், சோளம் விளைந்தாலும் துறையின் கணக்கில் அது குடியிருப்பு நிலமே. விவசாய உபயோகம் என்று குறித்த நிலத்தில் மாட்டுப் பண்ணைக்கு இடமுண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். மாட்டுக்கு அதிக இடம் வேண்டியதில்லை. பசு ஒன்றுக்குக் கூரையடியில் 40 சதுர அடியும் திறந்தவெளியில் 80 சதுர அடியும் போதும். சங்கடம் சாணத்தில் இருக்கிறது. ஒரு பசு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். நான்கு பசுவுக்கு ஆண்டில் 20 டன்னுக்குக் குறையாது! வயலில் அது காசில்லாத எரு. மனையிலோ எருக்குழி வெட்ட இடமின்றிக் கழுவிவிட, சாக்கடை அடைத்துக் கொசு பெருகும். அண்டை வீட்டார் புகார் எழுதினால் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே, சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் கொடுத்து, நில உபயோகம் என்னவென்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். மாநகராட்சி எல்லையானால் உரிமத்திற்கு மனுச் செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஊராட்சியானால் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபின் கொட்டகை போடலாம்.

மனையில் ஏற்கெனவே மாடு வைத்திருப்போர், பால் வற்றிய மாடுகளையும் கிடேரிகளையும் வயலுக்கு மாற்றினாலே சாணம் குறையும். அங்கே எருக்குழியைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, நீரோட்டத்திற்குக் கீழ்ப்புறமாக வெட்டுவது நல்லது.