பிரிண்டர் வழியாகவும் திருடன் வரலாம்!

பட்டா நகல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று எது வேண்டுமானாலும் இப்போது கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறது. கடலாடி போன்ற ஊர்களில் பலரும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்திலேயே பிரிண்டர் இருக்கிறது. அந்தப் பிரிண்டரால் ஆபத்து வருமா? வரும்!

வேலைக்காரன் கையில் சாவி

வீட்டுக்கு வந்த விருந்தாளி திண்ணையில் உட்காரலாம். பெட்டியைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். சாதாரண ஆளுக்குக் கொஞ்சம் அதிகாரம். உரிமையாளருக்கு முழு அதிகாரம்.

பிரிண்டரை இயக்க 'டிரைவர்' என்ற மென்பொருள் தேவை. சில டிரைவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு. அதாவது, வேலைக்காரன் கையில் சாவிக்கொத்து! அவனை ஏமாற்றினால் பெட்டி திறந்துவிடும்.

16 ஆண்டு மறைந்திருந்த பிழை

எச்.பி., சாம்சங், செராக்ஸ் பிரிண்டர்களின் டிரைவர் ஒன்றில் 2005 முதல் ஒரு பிழை இருந்தது. 2021-ல் 'சென்டினல் ஒன்' என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது. 380-க்கும் மேற்பட்ட மாடல்களில் இந்தப் பிழை இருந்தது.

என்ன பிழை? வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளிக்கு இது சட்டென்று புரியும். பாத்தி கொள்ளும் அளவுக்குத்தான் தண்ணீர் விட வேண்டும். அளவு பாராமல் விட்டால், வரப்பு உடைந்து அடுத்த பாத்தியில் பாயும். அந்த டிரைவரும், தனக்கு வந்த தகவலின் அளவைப் பார்க்கவில்லை. மிஞ்சிய தகவல், பக்கத்து இடத்தில் வழிந்தது. வேண்டுமென்றே அப்படி வழியவிட்டால், சாதாரண ஆளும் முழு அதிகாரத்தைப் பிடித்துவிடலாம். பிறகு மற்றவர்களின் தகவலைப் பார்க்கலாம், அழிக்கலாம்.

பிரிண்டரைக் கழற்றி வைத்தாலும் டிரைவர் போகாது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதுவும் விழித்துக்கொள்ளும்!

நல்ல வேளையாக, இந்தப் பிழையை யாரும் பயன்படுத்தியதாக அப்போது தெரியவில்லை. 2021 மே மாதம் எச்.பி. திருத்தம் வெளியிட்டது. ஜூலையில் முழு விவரமும் வெளியாயிற்று.

அதே ஜூலையில், மைக்ரோசாப்டின் விண்டோசிலும் ஓர் ஓட்டை பரபரப்பாயிற்று. பிரிண்ட் வேலைகளை வரிசையாக அனுப்பும் பகுதியில் அந்த ஓட்டை இருந்தது. 'பிரிண்ட் நைட்மேர்', அதாவது அச்சுக் கொடுங்கனவு என்று அதற்குப் பெயர். அவசரத் திருத்தம் வந்தது.

செய்ய வேண்டியது

திருத்தம் வந்தால் மட்டும் போதாது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "அப்டேட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். பலர் புழங்கும் கம்ப்யூட்டரில், முழு அதிகாரமுள்ள கணக்கை உரிமையாளர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாத பிரிண்டரின் டிரைவரை நீக்கிவிட வேண்டும்.

வேலைக்காரன் போன பிறகும் சாவியை வாங்காமல் விடலாமா?