வந்தது 40 பேர்! "நானும் இருந்தேன்" என்பது ஊர்ப்பட்ட பேர்!!

ஒரு திருட்டு நடந்தால், "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று எல்லாரும் சாதிப்பார்கள். கொலை என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கூட அன்றைக்கு ஊரில் இல்லை என்பார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் நடந்த சமாசாரமோ இதற்கு நேர் தலைகீழ்.

1976-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி, வெள்ளிக்கிழமை இரவு, அங்கே ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது. கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். நின்ற இடத்திலேயே தலையை எண்ணிவிடலாம். ஆனால் பிற்பாடு "அன்றைக்கு நானும் அங்கே இருந்தேனாக்கும்" என்று கிளம்பியவர்களைக் கூட்டினால் மண்டபம் கொள்ளாது. கால்பந்து மைதானம்தான் பிடிக்க வேண்டும்!

யார் வந்தார்கள், யார் கதை விடுகிறார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் ஆள் ஆளாகத் தேடிப் பிடித்து விசாரித்து, புத்தகமே போட்டுவிட்டார். இதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

மாணவர்கள் செய்த ஏற்பாடு

கோவையை நாம் "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டர்தான் இது. பஞ்சாலையால் வாழ்ந்த ஊர். 1976-ல் ஆலைகள் பலவும் மூடிக் கிடந்தன. இங்கிலாந்து முழுக்க வேலை இல்லாதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த நேரம்.

பக்கத்து ஊரான போல்ட்டனில் படித்துக்கொண்டிருந்த 2 மாணவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி. இரண்டும் புனைபெயர்கள்தான். லண்டனில் "செக்ஸ் பிஸ்டல்ஸ்" என்று ஒரு புதுக் கோஷ்டி அமர்க்களம் செய்கிறது என்று 1976 பிப்ரவரியில் ஒரு இசை வார இதழில் படித்தார்கள். (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மிரள வேண்டும் என்றுதான் அந்தப் பெயரையே வைத்தார்கள்.) உடனே காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடிப்போய்க் கேட்டார்கள். பிடித்துவிட்டது. "எங்கள் ஊரில் வந்து வாசியுங்கள். இடம் நாங்கள் பார்க்கிறோம்" என்று கோஷ்டியின் மேனேஜர் மால்கம் மக்லாரனிடம் பேசி முடித்தார்கள். இவர் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த ஆசாமி.

பிடித்த இடம் "ஃப்ரீ டிரேடு ஹால்" கட்டடத்தின் மாடியில் உள்ள சின்ன அரங்கம். சாதாரண இடம் அல்ல. 1819 ஆகஸ்டு 16-ந்தேதி ஓட்டுரிமை கேட்டுத் திரண்ட ஜனங்கள் மீது குதிரைப்படை பாய்ந்து பலரை வெட்டிச் சாய்த்த "பீட்டர்லூ" படுகொலை நடந்த மைதானத்தில் எழும்பிய கட்டடம் அது. கீழே பெரிய மண்டபத்தில் பிரபல வித்வான்கள் வாசிப்பார்கள். பேர் இல்லாத பையன்களுக்கு மாடி!

வாசலில் ஆள் பிடித்தார்

டிக்கெட் 50 பென்ஸ். அதாவது அரை பவுண்டு. பீட் ஷெல்லியே டிக்கெட் கிழித்தார். மேனேஜர் மக்லாரன், ஜவுளிக்கடை வாசலில் "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவார்களே, அந்த மாதிரி தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. ஸ்டீவ் டிக்கிள் என்ற வாலிபர் வேறு யாரையோ சந்திக்க அந்த வாசலில் காத்திருந்தார். சேர்ந்து ஒரு கோஷ்டி தொடங்கலாமா என்று பேசத்தான் அந்தச் சந்திப்பு. ஷெல்லியும் டெவோட்டோவும் பேஸ் கிதார் வாசிக்க ஒரு ஆளை எதிர்பார்த்திருந்தார்கள். அந்த ஆள் இவர்தான் என்று மக்லாரன் நினைத்து, கையோடு உள்ளே கூட்டிப்போய் ஒப்படைத்துவிட்டார்! ஆள் மாறாட்டம். ஆனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. டிக்கிள் அவர்களோடேயே சேர்ந்துகொண்டார். அந்தக் கோஷ்டிதான் "பஸ்காக்ஸ்".

உண்மையில் அன்று முதலில் மேடை ஏற வேண்டியதே பஸ்காக்ஸ்தான். கோஷ்டி தயாராகவில்லை. அதனால் போல்ட்டனிலிருந்து "சால்ஸ்டிஸ்" என்று வேறு ஒரு கோஷ்டியைப் பிடித்துப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

கச்சேரி எப்படி?

சுத்த மோசம்! இதைச் சொன்னவர் எதிரி அல்ல. அன்று வந்து கேட்ட பெர்னார்ட் சம்னர் என்பவரே, அவர்கள் படுமோசமாக வாசித்தார்கள் என்றும், அதைப் பார்த்ததும் தானும் மேடையேறி அதேபோல் மோசமாக வாசிக்க ஆசை வந்தது என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சமாசாரமே இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து ராக் கோஷ்டிகள் பெரிய பெரிய மைதானங்களில் வாசிப்பார்கள். புகை, கலர் விளக்கு, அரைமணி நேரத்துக்கு ஒரே கிதார். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு மேடையில் நிற்பவன் கட்டைவிரல் உயரம்தான் தெரிவான். "இதெல்லாம் நமக்கு எங்கே வரும்?" என்று எழுந்து போய்விடுவான். இங்கே 40 பேர்தான். விரல் எங்கே போகிறது, எங்கே தவறுகிறது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வாசிப்பவனும் தன் வயசுப் பையன், தன்னைப்போல சாதாரண வீட்டுப் பிள்ளை. "அட, இவ்வளவுதானா? இதை நானும் செய்வேனே!" என்று நாற்காலிக்கு நாற்காலி தோன்றியிருக்கிறது. மண்டபம் நிரம்பி வழிந்திருந்தால் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

அம்மாவிடம் 35 பவுண்டு கடன்

சம்னருடன் வந்திருந்தவர் அவருடைய பள்ளிக்கூடத் தோழர் பீட்டர் ஹூக். அதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டவர் அல்ல. மறுநாளே அம்மாவிடம் 35 பவுண்டு கடன் வாங்கி, ஒரு பேஸ் கிதாரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற "ஜாய் டிவிஷன்" கோஷ்டிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதில் பாடிய இயன் கர்ட்டிஸ், வேலையற்றோருக்கு வேலை தேடித் தரும் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர். 1980-ல் 23 வயதிலேயே தற்கொலை செய்துகொண்டார். மற்றவர்கள் "நியூ ஆர்டர்" என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கூட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். வீட்டுக்குப் போய் அந்த இசை வார இதழுக்குக் கச்சேரி பற்றிக் கடிதம் எழுதிப் போட்டான். அதே மாதம் அச்சில் வந்துவிட்டது. அவர்தான் "ஸ்மித்ஸ்" கோஷ்டியின் பாடகர் மோரிஸ்ஸி. மற்றவர்களுக்கு வாய்ச்சொல்தான் சாட்சி. இவருக்கு எழுத்துமூலமான சாட்சியம் இருக்கிறது!

துப்புத் துலங்கியது

அதே கோஷ்டி ஜூலை 20-ந்தேதி அதே மாடியில் மறுபடி வாசித்தது. டிக்கெட் 1 பவுண்டு. இந்தத் தடவை கூட்டம் நிறைய. பஸ்காக்சும் முதன்முதலாக மேடை ஏறியது. இயன் கர்ட்டிஸ் வந்ததும் இதற்குத்தான். குழப்பத்துக்கு முக்கியக் காரணமும் இந்த 2-வது கச்சேரிதான். ஜூலையில் வந்தவர்கள் பலர் வருடம் போகப்போக ஜூனில் வந்ததாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சிலர் புளுகினார்கள், சிலர் நிஜமாகவே நம்பினார்கள்.

டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் இதைக் குடைந்து எடுத்து, 2001-ல் "நான் இருந்தேன், சத்தியம்" என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் வெளியிட்டார். டி.வி. பிரமுகர் டோனி வில்சன், தானும் முதல் கச்சேரியில் இருந்ததாகக் கடைசிவரை சொல்லிவந்தார். அவர் வந்தது ஜூலைக்குத்தான் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 2007-ல் அவர் காலமாகிவிட்டார். வழக்கு தீரவில்லை. அவரை வைத்து 2002-ல் எடுத்த சினிமாவில் கூட்டம் 42 பேர் என்று கணக்கு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

500 பவுண்டில் இசைத்தட்டு

வந்தவர் பட்டியலைவிட முக்கியம், அழைத்தவர்கள் அடுத்துச் செய்த காரியம். இசைத்தட்டு போட வேண்டுமானால் லண்டனுக்குப் போய்ப் பெரிய கம்பெனிகளின் வாசலில் தவம் கிடக்க வேண்டும் என்பது அந்நாள் நிலைமை. பஸ்காக்ஸ் போகவில்லை. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் திரட்டினார்கள். அதில் பாதி ஷெல்லியின் அப்பா கொடுத்தது. 1976 டிசம்பர் 28-ந்தேதி, சொந்த ஊர் ஸ்டுடியோவில், ஒரே நாளில் 4 பாட்டுகளைப் பதிவு செய்து முடித்தார்கள். எந்தப் பாட்டை எத்தனையாவது தடவையில் எடுத்தோம் என்பதைக்கூட மறைக்காமல் உறையிலேயே அச்சடித்தார்கள்!

1977 ஜனவரியில் "ஸ்பைரல் ஸ்கிராட்ச்" என்ற பெயரில், சொந்த லேபிளில் வெளிவந்தது. முதலில் அடித்தது 1,000 தட்டுகள். கடைசியில் விற்றது சுமார் 16,000. பார்த்த மற்ற ஊர்ப் பையன்களும் அப்பா பணம், நண்பர் பணம் என்று புரட்டித் தட்டு போட ஆரம்பித்தார்கள். கம்பெனியை நம்பாமல் சொந்தக்காலில் நின்று போடுவதால் "இண்டிபெண்டன்ட்". அதன் சுருக்கம்தான் இன்று எல்லாரும் சொல்லும் "இண்டி" இசை. 1980 ஜனவரியில் இந்த ரகத் தட்டுகளுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வெளியிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் காரணமான செக்ஸ் பிஸ்டல்ஸ் கோஷ்டி பெரிய கம்பெனியில்தான் போய்ச் சேர்ந்தது. 1976 டிசம்பரில் டி.வி.யில் கெட்ட வார்த்தை பேசி ஊரே கொதித்தது. பல நகரங்களில் கச்சேரிகளை ரத்து செய்தார்கள். பஸ்காக்ஸ் தட்டு வெளிவந்த அதே 1977 ஜனவரியில் கம்பெனி இவர்களைக் கழற்றிவிட்டது.

அந்த மண்டபத்தில் 1996-ல் கச்சேரிகள் நின்றுபோயின. முகப்பை மட்டும் விட்டுவைத்து, மற்றதை இடித்துக் கட்டி, 2004-ல் நட்சத்திர ஓட்டல் ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் கிழித்த பீட் ஷெல்லி 2018 டிசம்பரில் காலமானார்.