மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு?

ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். ஆளுக்கு எத்தனை சென்ட்?

"முப்பத்து மூன்று" என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். மூன்று முப்பத்து மூன்று எவ்வளவு? தொண்ணூற்று ஒன்பது. ஏக்கருக்கு 100 சென்ட் ஆயிற்றே! ஒரு சென்ட் எங்கே போயிற்று?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சிக்கனமாக இருந்தால் அதில் ஒரு சின்ன வீடே கட்டிவிடலாம். சரியான பங்கு 33 சென்டும், அதற்கு மேல் மூன்றில் ஒரு சென்டும் ஆகும். அந்த மூன்றில் ஒரு சென்ட் 145.2 சதுர அடி. "சில்லறைதானே" என்று தள்ளிவிடக் கூடியதல்ல.

ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு வந்ததும் முகம் சுளிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஏழாம், எட்டாம் வகுப்பில் இணைகோடு வந்தால் இன்னும் மோசம். "இது எதற்கு உதவும்?" என்று கேட்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது இரண்டும் உதவும்.

திருமங்கலத்து நிலம்

திருமங்கலம் மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கரிசல் காடுகள். பருத்தியும் சோளமும் விளையும் மண். கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலை இந்த வழியேதான் போகிறது. ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. இப்படிப்பட்ட ஊரில், சாலையோர நிலத்தில் ஒரு சென்ட் என்றால் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றுபோகும் அளவுக்கு விலை உண்டு.

பங்கு கேட்பவர்களும் இப்போது அதிகம். முன்பு அண்ணன் தம்பி இருவர் என்றால் ஆளுக்குப் பாதி. அக்காளோ தங்கையோ கணக்கில் வரமாட்டார். தகப்பனார் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் காலமானால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொன்னது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமாகிவிட்ட பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005ல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கியது.

ஆகவே இரண்டில் ஒன்றாக இருந்த பங்கு மூன்றில் ஒன்றாகிறது. தாயாரும் இருந்து அவருக்கும் பங்கு உண்டென்றால் நான்கில் ஒன்று. ஆளுக்கு 25 சென்ட். கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைப் பகுதி என்பார்கள். பகுதி பெரிதாகப் பெரிதாகப் பங்கு சிறிதாகிறது. "மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது" என்று எழுதுகிற பையனுக்கு இந்த வீட்டுக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மறுபடி தப்பு செய்யமாட்டான்.

பாட்டியின் பின்னங்கள்

பின்னம் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் கால், அரை, முக்கால் தெரியும். முக்கால் என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று கால். அரையில் இரண்டு கால் இருக்கிறது. அதோடு ஒரு கால் சேர்ந்தால் முக்கால். பள்ளிக்கூடத்தில் "பகுதியைச் சமமாக்கிக் கூட்டு" என்று சொல்கிறார்களே, அது இதுதான். அரையையும் காலையும் கூட்டி "ஆறில் இரண்டு" என்று விடை எழுதுகிற பிள்ளை, வாயால் சொல்லிப் பார்த்திருந்தால் முக்கால் என்று சொல்லியிருக்கும்!

படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. ஆக, ஆழாக்கு என்பது எட்டில் ஒரு படி.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கும் கீழே போனார்கள். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. எண்பது பங்கில் மா என்பது நான்கு, காணி ஒன்று, ஆக ஐந்து. எண்பதில் ஐந்து என்றால் பதினாறில் ஒன்று. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். ரூபாயில் மாகாணிதான் ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 காசானதும் அந்த வாய்ப்பாடு மெல்ல மறைந்தது. நாலணா என்ற சொல் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது. அந்த 25 காசு நாணயம் 2011ல் செல்லாது என்றாகிவிட்டது.

இத்தனை பெயர் வைத்தவர்கள் மூன்றில் ஒன்றுக்குக் கால், அரை போல ஒரு தனிப்பெயர் வைக்கவில்லை. நமக்கு வந்திருக்கிற தகராறோ அந்த மூன்றில் ஒன்றில்தான்!

கோடு போடுவது எப்படி?

சென்டில் மீதி விழுகிற கணக்கு அடியில் விழவேண்டும் என்பதில்லை. நம் ஓர் ஏக்கர் நிலம் நீள்சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 200 அடி, அகலம் 217.8 அடி. பெருக்கினால் 43,560 சதுர அடி. சரியாக ஓர் ஏக்கர். அகலத்தை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 72.6 அடி. மீதி இல்லை.

இந்த 72.6 அடியை வரப்பின் ஒரு முனையில் மட்டும் அளந்து கல்லை நட்டுவிட்டு, மறு முனையைக் கண்மட்டத்தில் விடக்கூடாது. மறு முனையில் ஓர் அடி தள்ளிப் போனால் என்ன ஆகும்? 200 அடி நீளத்துக்கு ஒரு முக்கோணம் பறிபோகும். அது 100 சதுர அடி. இரண்டு முனையிலும் ஒரே அளவு இருக்கவேண்டும். அப்போதுதான் அந்தக் கோடு பக்கத்து வரப்புக்கு இணைகோடு.

திருமங்கலம் ரெயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். இந்தப் பாதை 1876ல் தூத்துக்குடி வரை திறக்கப்பட்டபோது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். இப்போது 1,676 மில்லிமீட்டர். தூரத்தில் அவை ஒன்றுசேர்வதுபோலத் தெரியும். கண் பொய் சொல்லும், அளவுகோல் சொல்லாது.

தச்சர்களிடம் ஒரு வித்தை உண்டு. பலகையின் அகலம் 7 அங்குலம். அதை மூன்றாக்கவேண்டும். ஏழை மூன்றால் வகுத்தால் கணக்கு நீளும். அவர் வகுப்பதே இல்லை. அளவுகோலைச் சாய்த்து வைப்பார். ஒரு விளிம்பில் 0, எதிர் விளிம்பில் 9 வரும்படி சாய்ப்பார். 3லும் 6லும் புள்ளி வைத்து, விளிம்புக்கு இணையாகக் கோடு இழுப்பார். மூன்றும் சமம்!

கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காகிதத் துண்டைச் சாய்த்து, ஒரு முனை முதல் கோட்டிலும் மறு முனை நாலாவது கோட்டிலும் படும்படி வையுங்கள். நடுவில் உள்ள இரண்டு கோடுகளும் அதை மூன்று சம பங்காக வெட்டும். துண்டு எந்த நீளமானாலும் சரி, மூன்று இடைவெளியைவிட நீளமாக இருந்தால் போதும்.

முக்கோண நிலம்

சாலை குறுக்கே வெட்டிப் போனதால் முக்கோணமாகிவிட்ட நிலங்களும் உண்டு. இங்கேதான் ஏமாற இடம் அதிகம். 90 சென்ட் முக்கோண நிலத்தில், சாலைக்கு இணையாகச் சம இடைவெளியில் இரண்டு கோடு போட்டுப் பிரித்தால், கூர்முனையில் இருப்பவருக்கு 10 சென்ட். நடுவில் உள்ளவருக்கு 30. சாலையோரத்தவருக்கு 50! இடைவெளி சமம், நிலம் சமமல்ல.

சாலைப் பக்கத்தை மூன்று சம நீளமாக்கி, அந்தப் புள்ளிகளிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு இழுத்தால் ஆளுக்கு 30 சென்ட் வரும். மூவருக்கும் சாலை முகப்பும் கிடைக்கும். கூர்முனையில் டிராக்டர் திரும்பாது என்று மூவரும் சேர்ந்து குறைபட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது: கிணறு. அதை எந்தக் கோட்டாலும் வெட்டமுடியாது. பத்திரத்தில் "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதி, தண்ணீரை நேரத்தால் பிரிப்பார்கள். ஒரு நாளில் ஆளுக்கு 8 மணி நேரம். இதில் ராத்திரி முறை யாருக்கு வருகிறதோ அவர் சும்மா இருப்பாரா? அதனால் வாரத்துக்கு ஒரு தரம் முறையை மாற்றிக்கொள்கிறார்கள்.