பனி பிரேசிலில், நடவு வியட்நாமில்

1975 ஜூலை 18 அன்று பிரேசிலின் பரானா மாநிலத்தில் அடித்த குளிரில் காப்பித் தோட்டங்கள் தோட்டம் தோட்டமாகக் கருகின. வெள்ளையாகப் படிந்து வெயில் ஏறியதும் கரையும் பனி அல்ல அது. வறண்ட குளிர்காற்று செடிக்குள் ஓடும் நீரையே உறையவைத்து, இலையையும் தண்டையும் கறுக்கச் செய்துவிடும். அங்கே அதற்குக் ‘கறுப்புப் பனி’ என்றே பெயர். அந்த ஆண்டின் அறுவடை பெரும்பாலும் முடிந்து, கொட்டை ஏற்கெனவே கிடங்குக்குப் போயிருந்தது. அன்றைக்கு உலகத்தில் காப்பிக்குத் தட்டுப்பாடு என்று எதுவும் இல்லை. ஆனாலும் விலை உடனே ஏறத் தொடங்கி, 1977 ஏப்ரலில் நியூயார்க்கில் பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வராமல் போகவிருக்கும் காப்பிக்காக ஏறிய விலை அது. காப்பி வணிகத்தின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. வானிலை ஒரே இரவில் விளைச்சலை அழித்துவிடும். விலை சில வாரங்களில் அதற்குப் பதில் சொல்லிவிடும். செடி பதில் சொல்ல மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நெல்லுக்கு விலை ஏறினால் அடுத்த போகத்திலேயே கூடுதலாக நடலாம், விழுந்தால் மாற்றுப் பயிருக்குப் போகலாம். காப்பிச் செடியோ காய்க்கத் தொடங்கிவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் நிற்கும், விலை விழுந்த பிறகும் காய்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே, நல்ல விலையைப் பார்த்து நடும் விவசாயி அந்த விலைக்கு விற்பது அரிது.

இதற்கு வரலாற்றிலேயே விசித்திரமான சாட்சி, உலக வரைபடத்தில் இன்று இல்லாத ஒரு நாடு. 1977 விலையேற்றம் கிழக்கு ஜெர்மனியின் அந்நியச் செலாவணியைக் காலி செய்தது. அரசு மலிவு ரகக் காப்பியைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டு, பட்டாணி, ரை தானியம், பார்லி, சர்க்கரைக்காகப் பயிரிடும் பீட்ரூட் என்று பலதையும் வறுத்துச் சேர்த்த ‘காப்பி மிக்ஸ்’ ஒன்றை விட்டது. அதில் காப்பி 51 சதவீதம். (நம் நாட்டிலும் சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். நாம் விரும்பிக் குடிக்கிறோம். அங்கே மக்கள் கொதித்தெழுந்து புகார்க் கடிதங்களாக எழுதித் தள்ளினார்கள்.) எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கொடுத்துக் காப்பி வாங்கிப் பார்த்தார்கள். பிறகு, 1980-இல் வியட்நாமோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். டக் லக் மேட்டுநிலத்தில் தோட்டம் அமைக்க லாரியும் எந்திரமும் பாசனக் கருவியும் கிழக்கு ஜெர்மனி தரும். விளைச்சலில் பாதி இருபது ஆண்டுகளுக்கு அதற்குச் சேரும். மரங்கள் வளர்ந்து ஒழுங்கான அறுவடை தரத் தொடங்கியபோது 1990 ஆகிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியே இல்லாமல் போனது. மரம் மட்டும் நின்றது.

நின்ற இடம் காப்பிக்கு ஏற்ற இடம்தான். டக் லக்கின் புவோன் மா துவோட்டைச் சுற்றியுள்ள எரிமலைச் செம்மண்ணில் ரொபஸ்டா செழித்து வளரும். இந்த ரகத்தின் பூப்பு சற்று நுட்பமானது. ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வேண்டும். மொட்டு அப்படியே உறங்கிக் கிடக்கும். நல்ல நனைப்பு ஒன்று கிடைத்தால் பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூத்த அன்று மழை கொட்டினால் மகரந்தம் கெட்டுவிடும். பூத்து இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி நீர் கிடைக்காவிட்டால் பிஞ்சு உதிரும். குடகில் இந்த இரண்டு நனைப்புக்கும் பலர் வானத்தையே நம்பியிருக்கிறார்கள். முதலாவதைப் பூ மழை என்பார்கள். டக் லக் விவசாயிகள் வானத்தை நம்பாமல் கிணறு தோண்டி, டீசல் பம்பு வைத்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் பாத்தி கட்டி நீர் பாய்ச்சினார்கள். விளைச்சல் எகிறியது. 1994-இல் பிரேசிலில் மீண்டும் பனி விழுந்து விலை உயர, ஓரிரண்டு ஹெக்டேர் வைத்திருந்தவர்கள்கூட முழுவதும் காப்பி நட்டார்கள். 1990-இல் ஒரு லட்சம் டன்னை எட்டாத வியட்நாமின் உற்பத்தி, பத்தே ஆண்டுகளில் எட்டு, ஒன்பது லட்சத்தைத் தொட்டு, கொலம்பியாவை முந்தியது. 2001-இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 400 டாலருக்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாத விலை அது.

உலக வங்கி தூண்டிவிட்டதால் வந்த வெள்ளம் இது என்று அப்போது குற்றஞ்சாட்டினார்கள், வங்கி மறுத்தது. எனக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. கடன் யார் கொடுத்திருந்தாலும், 1994 விலை இல்லாமல் இத்தனை குடும்பங்கள் நட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு வாதம், முன்பேர வணிகத்தில் சூதாடுகிறவர்களே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது. அவர்கள் ஏற்றத்தை இன்னும் ஏற்றுகிறார்கள், சரிவை இன்னும் சரிக்கிறார்கள், உண்மைதான். ஆனால், பரானாவில் செடியைக் கருக்கியது அவர்கள் அல்ல; டக் லக்கில் கன்று நட்டதும் அவர்கள் அல்ல.

கனமான மறுப்பு வேறொன்று. 1962-இல் உருவான சர்வதேச காப்பி உடன்படிக்கை நாட்டுக்கு நாடு ஏற்றுமதிக்குப் பங்கு வகுத்துக் கொடுத்தது. 1980-களில் விலையைப் பவுண்டுக்கு 1.20 முதல் 1.40 டாலர் வரையிலான பட்டைக்குள் வைத்திருக்க முயன்று, பெரும்பாலும் வெற்றியும் கண்டது. 1989 ஜூலையில் பங்கு முறை முறிந்தது; 1992-இல் விலை அதில் பாதிக்கும் கீழே. அதையே திரும்பக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. அந்த முறை விலையை விழாமல் தாங்கியது என்பதை மறுக்க முடியாது. ஆனால், அது பழைய விளைச்சலை வைத்துப் பங்கு போட்டது. வியட்நாம் போலப் புதிதாக வருபவர்களுக்கு அதில் இடம் குறைவு. உள்நாட்டிலும் விலையின் பலன் நேராகத் தோட்டத்துக்குப் போகவில்லை. நம் காப்பி வாரியம் விளைச்சலை மொத்தமாகப் பொதுத் தொகுப்பில் வாங்கிக்கொண்டு, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்த காலத்தைக் கர்நாடக விவசாயிகள் ஏக்கத்தோடு நினைப்பதில்லை. 1996-இல் சந்தை முழுதாகத் திறந்தபோது அவர்களில் பலர் அதை வரவேற்கவே செய்தார்கள். அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இருந்ததற்குப் பனிப்போர் அச்சமும் ஒரு காரணம். அந்த அச்சம் இன்று இல்லை.

பங்கு முறையும் இல்லை, விலையையும் நம்ப முடியாது என்றால் விவசாயிக்கு எது பிடிமானம்? 2024 இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வறட்சியில் டக் லக் கிணறுகள் வற்றின, ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. குறைந்த விலைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் பேசியவர்களில் பலர் சரக்கைத் தரவில்லை. வணிகர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தம் பேசாத விவசாயிகளோ காய்ந்த கொட்டையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு விலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். முன்பு அறுவடை முடிந்ததும் உரக்கடைக் கடனுக்காக விற்றுத் தீர்த்தவர்களுக்கு இந்தத் தெம்பு எப்படி வந்தது? காப்பிக்கு நடுவே மிளகுக் கொடியும் டுரியான் மரமும் வைத்திருந்தார்கள். 2022-இல் சீனா வியட்நாமின் டுரியானுக்கு முறையாகக் கதவைத் திறந்ததால் கையில் காசு இருந்தது. காத்திருக்கும் சக்தி காப்பியிலிருந்து வரவில்லை. குடகில் நிழல்மரத்தில் மிளகு ஏற்றியவர்களின் கணக்கும் இதுவே.

மிளகுக்கும் டுரியானுக்கும் இதே ஏற்ற இறக்கம் கிடையாதா? உண்டு. 2015 வாக்கில் உச்சத்தில் இருந்த மிளகு விலை பிறகு சில ஆண்டுகள் படுத்துக் கிடந்தது. டுரியானும் கன்று வைத்துச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரம்தான். 2025 தொடக்கத்தில் சீனா சாயமும் காட்மியமும் இருக்கிறதா என்று சோதனையைக் கடுமையாக்கியதும் ஏற்றுமதி மளமளவெனச் சரிந்தது. அப்போது அரபிகா ரகக் காப்பி பவுண்டுக்கு 4 டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பிரேசிலின் வானத்துக்கும் சீனச் சுங்கச் சாவடிக்கும் தொடர்பு இல்லை என்பதால்தான் இந்தக் கலப்பு பலன் தருகிறது. அந்த விலையைப் பார்த்து டுரியானை வெட்டிவிட்டு முழுவதும் காப்பி வைத்தவர்களின் கன்று 2028 வாக்கில் காய்க்கும்.