பெரியம்மா கடைக்கு என்னைக்கு லீவுன்னு கூகுளுக்கு யார் சொல்றது?

இந்த எபிசோடுக்குக் காரணம் என் பெரியம்மா. புதுச்சேரியில, பெரிய வாய்க்காலுக்கு மேற்குப் பக்கம், எட்டு டேபிள் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. மதியம் 12 முதல் 3 வரை, ராத்திரி 7 முதல் 10 வரை. திங்கட்கிழமை லீவு. போன டிசம்பர்ல ஒரு குடும்பம் சென்னையில இருந்து ஈசிஆர்ல வந்து, சாயங்காலம் 4 மணிக்கு மூடின ஷட்டர் முன்னாடி நின்னுட்டு போன்ல திட்டியிருக்காங்க. "24 மணி நேரமும் திறந்திருக்கும்னு போட்டிருக்கீங்களே, குழந்தைங்க பசியில இருக்கு!" பெரியம்மா உடனே எனக்கு போன் பண்ணாங்க. "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, என்னன்னு பாருடா."

சைட்டோட சோர்ஸைத் திறந்து பார்த்தேன். "கூகுள் ஃபர்ஸ்ட் பேஜ் கேரண்டி"ன்னு பணம் வாங்கின ஒருத்தர் உள்ளே ஸ்ட்ரக்சர்டு டேட்டா சேர்த்து வச்சிருந்தார். ஏழு நாளும் 00:00 முதல் 23:59 வரை திறந்திருக்கும். ரேட்டிங் 4.9, ரிவ்யூ 312. பேஜ்ல தேடினா ஒரு ரிவ்யூகூட கிடையாது. அதே நேரத்தைக் கடையோட கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்லயும் போட்டிருந்தார்.

சரி, ஸ்ட்ரக்சர்டு டேட்டான்னா என்ன? நம்ம ஊரை வச்சே சொல்றேன். இங்க பல வீதிகள்ல நீலப் பலகையில பிரெஞ்சில ஒரு பேர், தமிழ்ல ஒரு பேர் இருக்கும். பீச் ரோடு, கூபேர் அவென்யூ, கடற்கரைச் சாலை, மூணும் ஒண்ணுதான். பாண்டிச்சேரிங்கிற பேர் 2006 அக்டோபர் 1-ல இருந்து அதிகாரபூர்வமா புதுச்சேரி. ஆனா ரயில்வே ஸ்டேஷன் கோடு பிடிஒய், ஏர்போர்ட் கோடு பிஎன்ஒய். நமக்குக் குழப்பமே இல்ல, ஆட்டோக்காரர்கிட்ட எதைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். கூகுளுக்கும் ஊர் விஷயத்துல குழப்பம் இல்ல, ஏன்னா ஊர் பெருசு. பெரியம்மா கடை பெருசில்லையே! போர்டுல தமிழ்ப் பேர், ஃபேஸ்புக்ல இங்கிலீஷ் பேர், முகவரியில வீதியோட பிரெஞ்சுப் பேர். இது ஒரு கடையா, மூணு கடையான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?

அதைத்தான் பேஜுக்குள்ள தனியா எழுதி வைக்கிறோம். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் படிக்கும். இது ரெஸ்டாரண்ட், இதோட நேம் இது, ஆல்டர்நேட் நேம் இது, போன் நம்பர் இது, மேப்ல இந்த இடம், ஃபேஸ்புக்ல இருக்கிறதும் இதே கடைதான். கடைசி விஷயத்துக்கு 'சேம் ஆஸ்'னு ஒரு ப்ராப்பர்ட்டி. எழுதுற ஃபார்மட் ஜேசன்-எல்டி. அகராதி, ஸ்கீமா டாட் ஆர்க். 2011 ஜூன்ல கூகுள், பிங், யாஹூ மூணு பேரும் சேர்ந்து கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனிங்க ஒரே அகராதிக்கு ஒத்துக்கிட்டது பெரிய விஷயம்தான்.

அதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆள் ராமநாதன் குஹா. ஐஐடி மெட்ராஸ்ல மெக்கானிக்கல் படிச்சவர். (மெக்கானிக்கல் மக்களே, சந்தோஷமா?) 1999-ல நெட்ஸ்கேப்ல ஆர்எஸ்எஸ்ஸோட முதல் வடிவம் வந்தப்போ அதை உருவாக்கினதுலயும் அவர் இருந்தார். இந்த பாட்காஸ்ட் உங்க ஆப்புக்கு வர்றதே ஆர்எஸ்எஸ் வழியாத்தான்.

இப்போ பெரியம்மா கடை. இங்க ஒரு சின்ன வேடிக்கை இருக்கு. கூகுள் சொல்ற முறைப்படி, ஒரு நாள் முழுக்க மூடியிருந்தா திறக்கிற நேரம் 00:00, மூடுற நேரமும் 00:00. முழுக்கத் திறந்திருந்தா 00:00, 23:59. ஒரு நம்பர் மாறினா லீவு நாள் 24 மணி நேரக் கடை ஆயிடும். மதியம், ராத்திரின்னு பிரிஞ்சு ஓடுற கடைக்கு ஒரே நாளுக்கு ரெண்டு என்ட்ரி போடணும். எழுதினதும் 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்'ல ஒட்டிப் பாருங்க, தப்பைக் காட்டிடும். ஆனா அது கண்டுபிடிக்கிறது எழுத்துப் பிழையைத்தான், பொய்யை இல்ல. இன்னொண்ணு, மேப்ல தெரியுற நேரம் பெரும்பாலும் பிசினஸ் ப்ரொஃபைல்ல இருந்து வருது. அதனால முதல்ல அதைச் சரிபண்ணிட்டுத்தான் கோடுக்கே வந்தேன்.

இதனால ரேங்க் ஏறுமான்னு கேட்டா, நேரடியா ஏறாது. தேடல்ல கூடுதல் விவரத்தோட தெரியுறதுக்குத் தகுதி கிடைக்கும், அவ்வளவுதான். மார்க்கப் சரியா இருந்தாலும் காட்டுவோம்னு உத்தரவாதம் இல்லன்னு கூகுளே சொல்லுது. நட்சத்திரக் கதை இன்னும் மோசம். தன் கடைக்குத் தானே தன் சைட்ல போட்டுக்கிற ரிவ்யூ நட்சத்திரத்தைக் காட்டுறதை 2019-லயே நிறுத்திட்டாங்க. ஆக அந்த 4.9 யார் கண்ணுலயும் பட்டிருக்கவே போறதில்ல. பேஜ்ல இல்லாததை மார்க்கப்ல சொன்னா மேனுவல் ஆக்‌ஷன் வேற வரலாம், அப்போ இருக்கிற தகுதியும் போயிடும். காசு கொடுத்து வாங்கின ஆபத்து!

312-ஐ அழிச்சேன். பெரியம்மாவுக்கு மனசே இல்ல. "நம்ம மீன் குழம்புக்கு 4.9 அதிகமாடா?" இல்ல பெரியம்மா, ஆனா அதைச் சாப்பிட்டவங்க சொல்லணும். "நல்ல ரெஸ்டாரண்ட் பாண்டி"ன்னு தேடினா கடை இன்னும் முதல் பக்கத்துல வரல. கடைப் பேரைத் தமிழ்ல தேடினாலும் இங்கிலீஷ்ல தேடினாலும் இப்போ ஒரே கடைதான் வருது, சரியான நேரத்தோட.

பொங்கலுக்கு முந்தின வாரம் திரும்பவும் போன். "நாலு நாள் கடை லீவுடா. உன் கூகுள்கிட்ட சொல்லிடு." அதுக்கும் தேதி போட்டு எழுத இடம் இருக்கு: வேலிட் ஃப்ரம், வேலிட் த்ரூ. ரெண்டு வரி, முடிஞ்சது.