பழைய வண்டி கொதிக்குதா? கடன் கேட்கும் முன் பாருங்க!



மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப்போகும் பழைய வேன் வழியில் கொதித்து நின்றால், அவசரப்பட்டு குழுவில் கடன் எழுதிவிடாதீர்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

முதலில் காரணம் தெரியணும். ஓஸ் ஒழுகுவது, ஃபேன் சுற்றாதது, போர் தண்ணீர் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைப்பது எல்லாம் சின்ன வேலை, தாராளமாகச் செய்யலாம். இன்ஜின் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்திருக்கும். இன்ஜினைப் பிரிக்கணும், செலவு பெரிசு.

அப்போது இரண்டு மெக்கானிக்கிடம் செலவை எழுதி வாங்குங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், பசுமை வரியையும் கூட்டுங்கள். மொத்தம் வண்டியின் விலையை நெருங்கினால், இருக்கிற நிலையிலேயே விற்பதுதான் லாபம்.

வண்டி நின்றாலும் தவணை நிற்காது, மறந்துடாதீங்க!