வேடர் வகுத்த பெயர்கள்

விலங்குகளின் மலத்துக்கும் தனித்தனிப் பெயர் வகுத்திருந்தார்கள் இங்கிலாந்தின் பழைய வேட்டைக்காரர்கள் என்றால், நேயர்கள் நகைக்கக்கூடும். கலைமானுக்கு 'ஃபியூமெட்', காட்டுப்பன்றிக்கும் ஓநாய்க்கும் 'லெஸ்', முயலுக்கு 'குரோட்டல்', நீர்நாய்க்கு 'ஸ்பிரெயின்ட்'. யார்க் கோமகன் எட்வர்டு, 1406-க்கும் 1413-க்கும் இடையே, பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பெயர்த்தெழுதிய வேட்டை நூலில் இத்தகைய வரிசையைக் காண்கிறோம்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. தடம் தேடச் சென்ற வேடன் மானின் புழுக்கையை ஊதுகொம்பில் இட்டுக் கொணர்ந்து பிரபுவின் முன் வைப்பான். அதன் பருமனையும் வடிவையும் கண்டே மானின் தகுதியை மதித்தார்கள்.

நீர்நாய் வேட்டையை இங்கிலாந்துச் சட்டம் 1978-இல் தடுத்தது. 'ஸ்பிரெயின்ட்' என்னும் சொல்லோ அழியவில்லை. கொல்லத் தேடிய அடையாளத்தையே இன்று காப்பதற்காக ஆற்றங்கரைகளில் தேடுகிறார்கள்.

நம்மிடமும் சாணம், இலத்தி, புழுக்கை, எச்சம் என்ற பாகுபாடு உண்டு. யாவற்றையும் 'கழிவு' என்றே எழுதப் பழகினால், சொல்லோடு அறிவையும் இழப்போம்.